நான் ருசி பார்க்காத ஸ்ரேக்

"ஒரு சமையல்காரனின் இடத்திலிருந்து வெளியே போகும் எந்த உணவையும், அது போகுமுன் அவனே ருசி பார்த்திருக்க வேண்டும்." நான் வேலை செய்த ஸ்ரேக் உணவகத்தில், கை கழுவும் தொட்டிக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருந்த விதிகளில் இது மூன்றாவது. முதலாவது கை கழுவுவது பற்றியது, இரண்டாவது கத்தி பற்றியது. மூன்றாவதற்கு விலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. உறையைக் கழற்றித் தாளின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் விலக்கு எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டுத்தான் விதியை வாசிப்போம்.

அந்த விதிக்குக் கீழே, மாட்டிறைச்சியை ஸ்ரேக்காக வாட்டும் கிறிலில், ஒரு துண்டு இறைச்சியைக்கூட வாயில் வைக்காமல் நான் நின்றேன்.

சென்ற மாதம் அஜின்கோர்ட்டில் நண்பர் ஒருவரின் மகன் நடத்தும் உணவகத்துக்குப் போயிருந்தேன். இறைச்சிக்குள் குத்திவிட்டால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஊசி ஒன்றைப் பெருமையாகக் காட்டினான்.

"அங்கிள், உங்கட டைமில எப்பிடி? லைக், தேமோமீற்றர் இல்லாம எப்பிடித் தெரியும்?"

"தொட்டுப் பாத்து."

"நோ, சீரியஸ்லி."

"சீரியஸாத்தான் தம்பி."

"அப்ப உதை எழுதித் தாங்கோ அங்கிள். கிச்சின் வோல்ல ஒட்டுறன்."

சுவரில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கமாக வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1984இன் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் உயரமான கட்டடம் ஒன்றில், இரண்டு அறை வீட்டில், ஊர்ப் பொடியங்களோடு படுக்க இடம் கிடைத்தது. நடந்து போகும் தூரத்தில் அந்த உணவகம். கோப்பை கழுவினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், சலாட் மேசைக்கு ஏறினேன். 1987 வசந்தத்தில் கிறில்காரர் வன்கூவருக்குப் போய்விட, தற்காலிகமாகக் கிறிலுக்கு வந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் தற்காலிகம் என்றால் ஓய்வு பெறும்வரை என்று பொருள். இங்கே அதன் பொருள் வேறு என்று விளங்கச் சில மாதங்கள் பிடித்தன.

சமையலறைத் தலைவர் ஒஸ்ரியாவிலிருந்து வந்தவர். பெயர் ருடொல்ஃப். எல்லோருக்கும் செஃப். மற்றச் சமையலறைகளில் பாத்திரம் பறக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டையின் இடது கையில் தைத்த சிறு பைக்குள் ஒரு தேக்கரண்டி வைத்திருப்பார். ஒவ்வொருவர் இடத்துக்கும் வந்து, ஒரு கரண்டி அள்ளி, கண்ணை மூடாமல் உங்களைப் பார்த்தபடியே ருசிப்பார். சரியென்றால் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைப்பார். பிழையென்றால் உங்கள் வெட்டுப்பலகையில் சத்தம் கேளாமல் வைத்துவிட்டுப் போவார். நீங்கள் பிழையைத் திருத்தி, கரண்டியைக் கழுவி, அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கோபத்துக்கும் ஒரு நடைமுறை வைத்திருந்த மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. எங்கள் ஆட்கள் அவருக்குக் கரண்டியர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கிறில் வேலையை அவர்தான் பழக்கினார். இறைச்சியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நெருப்பில் போடக்கூடாது. குளிர் விடட்டும். பிறகு துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். ஈரமான இறைச்சி வாடாது, அவியும். உப்பு, இடித்த மிளகு. கிறிலில் ஒரு பக்கம் நெருப்புக் கடுமை, மறுபக்கம் தணிவு. கம்பியை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, கடுமையான பக்கத்தில் சரிவாக வைப்பது. கம்பியை விட்டுத் தானாகக் கழன்று வரும்போது மறு சரிவுக்குத் திருப்புவது. அவசரப்பட்டு இழுத்தால் பாதி கம்பியிலேயே நிற்கும். கோடுகள் சாய்சதுரமாக விழுந்ததும் ஒரேயொரு தடவை புரட்டுவது. கிறில்காரனுக்குக் கை துருதுருக்கக் கூடாது என்பார்.

பதம் பார்ப்பது விரலால். பெருவிரல் நுனியால் சுட்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டு, பெருவிரலின் அடியில் உள்ள சதையை மறு கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்கும் இறைச்சி அப்படித்தான் அமுங்கும். நடுவிரலைத் தொட்டால் அரைப்பதம். மோதிரவிரல், நன்றாக வெந்தது. சின்னவிரல், செருப்பு. செருப்புக் கேட்கிறவர்களும் காசு கொடுக்கிறார்கள், முகத்தைச் சுளிக்காதே என்பது செஃபின் கட்டளை. இறக்கிய இறைச்சியைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். உடனே வெட்டினால் சாறு முழுவதும் பலகைக்குப் போய்விடும்.

இவ்வளவுக்கும் விரல் போதும். உப்புக்குத்தான் நாக்கு வேண்டும். என் நாக்கோ அப்போது என் அதிகாரத்தில் இருக்கவில்லை.

நான் கொழும்பில் விமானம் ஏறிய கிழமை, என் மனைவி சறோ ஊர் அம்மன் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள். அவளும் நானும் மகளும் மறுபடி ஒன்றாக இருந்து சாப்பிடும்வரை மூவரில் ஒருவரும் மச்சமாமிசம் தொடுவதில்லை. என்னைக் கலந்தாலோசிக்கவில்லை. கடிதத்தில் அறிவித்தாள். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் முன்பும் இருந்ததில்லைதான். ஆனால் அது வழக்கம். பிழைப்புக்காக வழக்கத்தைத் தளர்த்திக்கொண்ட பெரிய மனிதர் பலரை எனக்குத் தெரியும். நேர்த்தி வேறு. விதித்தவர்தான் அதைத் தளர்த்தலாம்.

ஆகவே என் நாக்கைக் கோப்பை கழுவும் இடத்தில் வைத்திருந்தேன். அதன் பெயர் அந்தோனி. பாசையூர்க் கத்தோலிக்கன், என்னிலும் இளையவன், எதையும் தின்பவன். மாலையில் முதல் ஸ்ரேக்கின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சிறு பீங்கானில் அவன் பக்கம் தள்ளுவேன்.

"என்ன மாதிரி?"

"உப்புக் காணாது அண்ணை."

"நேற்றும் காணாது எண்டனி."

"நேற்றுச் சொன்னது இன்னொரு துண்டு தருவியள் எண்டு. இண்டைக்கு மெய்யாவே காணாது."

இந்த ஏற்பாடு கோடை பாதிவரை ஒழுங்காக நடந்தது. செஃப் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடம் நிரந்தரமாக வேண்டும். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்க, முழுநேர நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் இல்லாமல் ஒன்றும் அசையாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். செஃப் சிபாரிசு செய்தால் முதலாளி கையெழுத்து வைப்பார். மகள் எனக்குப் படம் கீறி அனுப்பும் வயதுக்கு வந்திருந்தாள். படத்தில் எனக்கு மீசை போட்டிருந்தாள். நான் ஒருநாளும் மீசை வைத்ததில்லை.

ஆவணியில் பீச் பழம் வந்தது. நயாகராப் பக்கத்துப் பழம், கூடை கூடையாக. கோடைக்குப் புதிதாக ஒன்று போடுவோம் என்றார் செஃப். வாட்டிய ஸ்ரேக், அதன் மேல் பச்சைப் பழச் சல்சா. பீச்சைச் சிறு சதுரமாக வெட்டி, சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, கொத்தமல்லி இலை, உப்பு. அளவு சொல்லவில்லை. பழம் ஒவ்வொரு நாளும் வேறு, அளவை நாக்குச் சொல்லும் என்றார். அவருக்கு அது சல்சா. வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காயும் சேர்ந்தால் எனக்கு அது சம்பல். சலாட் மேசைக்குக் கொடுக்காமல் அதையும் கிறிலிடமே ஒப்படைத்தார். இறைச்சியும் பழமும் ஒரே வாய்க்குள் போகிறவை, ஆகவே ஒரே ஆள் இரண்டையும் சேர்த்து ருசி பார்க்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

அந்தோனியிடம் போனேன்.

"உந்தப் பழத்தை என்ர பக்கம் கொண்டு வராதேங்கோ அண்ணை! போன வருசம் ஒண்டு திண்டு சொண்டு ரெண்டும் தோசை மாதிரி வீங்கினது. நேர்ஸ் என்னைப் பாத்துச் சிரிச்சவள்."

"ஒரு சின்னத் துண்டு."

"சின்னத் துண்டுக்குச் சின்னத் தோசை. எனக்கு வேண்டாம்."

ஆக இறைச்சியை அந்தோனி ருசி பார்த்தான், பழத்தை நான் ருசி பார்த்தேன். இரண்டும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க எங்கள் இருவரிடமும் ஒரு வாய் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை, உணவகம் நிறைந்த நேரம். போன பீங்கான் ஒன்று திரும்பி வந்தது. பின்னால் இன்னொன்று. மூன்றாவதைப் பரிசாரகப் பெண் என் முன்னால் வைத்துவிட்டு, "அந்த மேசையில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்றாள். செஃப் வந்தார். சல்சாவை மட்டும் ஒரு கரண்டி எடுத்தார். "நல்லது." பிறகு இறைச்சியில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் சல்சாவை வைத்து மென்றார்.

"கடல் தண்ணீர்" என்றார். "நீ இரண்டையும் சேர்த்து ருசி பார்த்தாயா?"

"இல்லை, செஃப்."

"இறைச்சியை?"

"இல்லை."

"எப்போதிலிருந்து?"

"கிறிலுக்கு வந்த நாளிலிருந்து."

கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். சல்சாவை அன்றிரவுக்கு நிறுத்தினார்கள்.

பிழை எது என்று அடுத்த நாள் காலை சோறு வடிக்கும்போது விளங்கியது. நாங்கள் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை. ஒரு கோப்பைச் சோற்றின் உப்பையும் புளிப்பையும் உறைப்பையும் பக்கத்தில் இருக்கும் சம்பலே சுமக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தக் கணக்குக்குப் பழகிய நாக்கு என்னுடையது. பக்கத்தில் உப்பில்லாச் சோறு இருக்கிறது என்ற நினைப்பிலேயே அது பீச்சுக்கு உப்புப் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்ததோ உப்புத் தடவி வாட்டிய இறைச்சி.

கழுவிய கரண்டியோடு செஃபிடம் போய் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"இது உன் மதமா?"

"இல்லை, செஃப். என் மனைவி."

தலையை ஆட்டினார். அவருக்கும் மனைவி இருந்தார்.

"கிறிலைத் தனியாக ஒப்படைக்கக் கூடிய ஆள் என்று உனக்காக நான் எழுத வேண்டும். ருசி பார்க்காதவனை அப்படி எழுத மாட்டேன். உனக்குப் பொய் எழுதினால், உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நான் எழுதும் உண்மையை யாரும் நம்பமாட்டார்கள். அவளிடம் கேள். பதில் வரட்டும். அதுவரை இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை."

சறோவைக் கூப்பிட நிரந்தரம் வேண்டும். நிரந்தரத்துக்கு ருசி பார்க்க வேண்டும். ருசி பார்க்கச் சறோ வந்து சேர வேண்டும். இப்படியொரு வட்டத்தை எங்கள் கச்சேரிகூட எவருக்கும் போட்டதில்லை. அன்று பின்னேரமே எழுதினேன். பழக்கதோஷத்தால் கேள்விகளுக்கு இலக்கம் போட்டேன். ஒன்று, தொழிலின் பொருட்டு மாத்திரம் நேர்த்திக்கு விலக்கு உண்டா. இரண்டு, விலக்கு இல்லையாயின், விழுங்காமல் மென்று துப்புவது உண்பதாகக் கொள்ளப்படுமா. இரண்டாவது அந்தோனியின் யோசனை. அடியில் உணவகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிட்டேன்.

பதில் வரும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு தேவைப்பட்டது. பெரிய கத்தரிக்காயைத் தடிப்பாக வெட்டி, அதே உப்பும் மிளகும் போட்டு, அதே கம்பியில் கருக வாட்டி, சல்சாவை அதன் மேல் வைத்துத் தின்று பார்த்தேன். கத்தரிக்காய் இறைச்சி ஆகிவிடாது. ஆனால் உப்பும் கருகலும் அதேதான். இரண்டு வாய்க்குள் என் சம்பலின் ஆணவம் விளங்கிவிட்டது. உப்பை ஏறக்குறைய முழுவதும் எடுத்தேன். மிளகாயின் விதையை நீக்கினேன். தேசிக்காயைக் கூட்டினேன். நன்றாகப் பழுத்த பீச்சோடு சற்றே காயான பீச்சையும் கலந்தேன். எல்லாவற்றையும் முன்கூட்டிக் கலந்து வைக்காமல், ஸ்ரேக் ஆறும் நேரத்தில் கலந்தேன். முன்னரே கலந்தால் பழம் தண்ணீர் விட்டு, வாட்டிய இறைச்சியை நனைத்துவிடும்.

செஃப் முதல் பீங்கானில் இரண்டையும் சேர்த்து ருசித்தார். கரண்டி பைக்குள் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் முதல் ஸ்ரேக்கை அவரே ருசி பார்த்தார்.

அந்தோனிக்குப் பொறுக்கவில்லை. "ஒழுங்காச் செய்துகொண்டிருந்த வேலை அண்ணை. ஒரு வெள்ளைக்காரன் வந்து பறிச்சிட்டான்."

"அவருக்குச் சொண்டு வீங்காது."

"அந்த ஒரு தகுதிதானே உங்கட செஃபுக்கு!"

பீச் முடியும்வரை அந்த ஸ்ரேக்கைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது மணம்தான். கொழுப்பு நெருப்பில் சொட்டும் புகைக்குள் பீச்சும் தேசிக்காயும். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது சட்டையெல்லாம் அது இருக்கும். லிஃப்ற்றில் ஏறினால் அடுத்த வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண் மூச்சை இழுத்துவிட்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பாள். மாடியின் சின்ன பல்கனியில் நின்றால் தெற்கே ஏரி ஒரு கோடாகத் தெரியும். சறோ வந்தால் எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்று அங்கே நின்று யோசிப்பேன். நாங்கள் ஏழு பேர் இருந்த வீடு அது. யோசிப்பதற்கு எவரும் வாடகை கேட்கவில்லை.

காலையில் செஃப் உள்ளே வரும்போது முதல் வார்த்தை, "பதில்?"

"இல்லை, செஃப்."

தொப்பியைக் கொளுவிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

ஒக்ரோபரில் ஊரில் மறுபடி சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்துக்குத் தபால் இல்லை, தொலைபேசி இல்லை. வீட்டில் வானொலியைச் சுற்றி இருந்தோம். கொழும்பிலிருந்து யாருக்காவது தொலைபேசி வந்தால், அதில் கேட்ட ஊர்ப்பெயர்கள் கட்டடம் முழுவதும் மாடி மாடியாகப் போகும். எங்கள் ஊர்ச் சனம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதாம் என்று ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடத்தையும் விட்டு ஓடிவிட்டதாம் என்று இன்னொருவர் சொன்னார். சறோவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

செஃப் கேட்பதை நிறுத்திவிட்டார். காலையில் வந்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். போதும்.

மார்கழியில் ஒருநாள், உணவகம் திறக்குமுன், அந்தோனி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். பகிடிக்கு வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அண்ணை, திண்டிட்டுக் கடிதத்தை வாங்குங்கோ. சறோ அக்கா வந்தா பேசட்டும். வாங்கி வைக்கிறது நல்லதெல்லே. முதலாளி வேற ஆளைத் தேடுறாராம்."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நடைமுறை தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். என்னால் முடியவில்லை. இனி ஒன்றாக இருந்து சாப்பிடப்போவதில்லை என்று நிச்சயமானவன் முறிக்க வேண்டிய நேர்த்தி அது. நான் ஒரு துண்டு இறைச்சியை விழுங்கினால், அவள் இல்லை என்று நானே ஒப்பமிட்டுக் கொடுப்பதுபோல எனக்குப் பட்டது. "இண்டைக்குப் பசியில்லை" என்றேன். அவன், "சரி அண்ணை, பசிக்கேக்க சொல்லுங்கோ" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். நாலைந்து நாள் நான் கழுவ வேண்டிய கிறில் கம்பிகளையும் அவனே கழுவினான்.

முதலாளியோடு செஃப் என்ன கதைத்தார் என்று தெரியாது. தை மாதத்திலும் கிறிலில் நான்தான் நின்றேன், தற்காலிகமாக.

பிறகு ஒரு காலை. வெளியே பனி கொட்டுகிறது. நான் இறைச்சியை ஒற்றிக்கொண்டிருக்கிறேன். சமையலறைச் சுவர்த் தொலைபேசி அடித்தது. செஃப் எடுத்தார். இரண்டு தடவை "யெஸ்" என்றார், ஒரு தடவை என் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிறகு ரிசீவரை அதன் வயர் நீளும் அளவுக்கு இழுத்துக்கொண்டு வந்து என் காதில் வைத்தார். என் கை இரண்டும் ஈரம்.

"இஞ்சருங்கோ. நான் கதைக்கிறன்."

"சறோ?"

"ஓம். கொழும்புக்கு வந்திட்டம். பிள்ளை பக்கத்தில நிக்கிறாள். காசு ஓடுது, கெதியாக் கதையுங்கோ."

ஆறு மாதமாக நினைத்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "கடிதம் கிடைச்சதோ?" என்று கேட்டேன். மனிதனுக்குள் இருக்கும் எழுதுவினைஞன் கடைசியாகத்தான் சாவான் போலிருக்கிறது.

"புரட்டாதியிலயே கிடைச்சது. பதிலும் போட்டனே, வரேல்லையோ?"

"இல்லை."

"வராதது நல்லது. தொடப்படாது எண்டுதான் எழுதினனான். பிறகு ஐப்பசியில பள்ளிக்கூடத்தில கிடந்தம். ஆரோ மீன் ரின் கொண்டுவந்து குடுத்தினம். பிள்ளை வேற ஒண்டும் இல்லாமக் கிடந்தவள். அவளுக்குத் தீத்தினன். பிறகு ரின்னை வழிச்சு நானும் திண்டனான். அம்மாளாச்சி பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பா. ஒண்டும் சொல்லேல்லை."

"சரி, சறோ. அது சரி."

"அது சரியெண்டு எனக்குத் தெரியும். உங்கட ரெண்டாவது கேள்விதான் சரியில்லை. சப்பித் துப்பட்டோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறியள். சாப்பாட்டைத் துப்புறதோ? வெக்கமில்லையோ கேக்க? விழுங்குங்கோ. விழுங்கிப்போட்டு எங்களைக் கூப்பிடுற வழியைப் பாருங்கோ. இந்தா, பிள்ளையிட்டக் குடுக்கிறன்..."

மகளின் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பா" என்ற பாதியில் தொடர்பு அறுந்தது.

ஐப்பசியில் நீங்கிய விதியைத்தான் நான் குளிர்காலம் முழுவதும் கடைப்பிடித்திருக்கிறேன். அறிவித்தல் வந்து சேரவில்லை.

"இருக்கிறாளா?" என்று செஃப் கேட்டார்.

"இருக்கிறாள். மகளும்."

அவர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். அதன் பிறகு நான் ஒற்றி வைத்திருந்த இறைச்சியில் ஒன்றை எடுத்து, உப்புப் போட்டு, தானே கிறிலில் வைத்தார். திருப்பினார், புரட்டினார், விரலால் அழுத்தினார், ஆறவிட்டார். ஒரு துண்டு வெட்டி முள்ளில் குத்தி என் பக்கம் நீட்டினார். சவர்க்கார நுரை முழங்கைவரை ஏறிய கையோடு அந்தோனி வந்து நின்றான்.

"என்ன சொன்னாள்?" என்றார் செஃப்.

"சாப்பிடச் சொன்னாள்."

"அப்படியானால் சாப்பிடு."

முள்ளை வாங்கினேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரில் கண் போனது. முள்ளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நாளைக்கு, செஃப்."

"ஏன்? இன்னும் யார் பதில் சொல்ல வேண்டும்?"

"இது வேறு விதி. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. நேர்த்தி இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கவில்லை. இப்போது மறுபடி நடைமுறைக்கு வந்துவிட்டது."

அந்தோனி தலையில் கை வைத்தான். நுரை தலையெல்லாம் ஒட்டியது. செஃப் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டு, என்னைப் பார்த்தபடியே நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்புச் சரி" என்றார். "அப்படியானால் உன் கடிதமும் நாளைக்கு."

அன்று 1988 பெப்ரவரி பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை.